பூரிக்கு நாலு செருப்பு

நாய்க்குச் செருப்பு தைக்கிறதுதான் என் தொழில்னு சொன்னா, முதல்ல சிரிப்பாங்க, அப்புறம் "நெஜமாவா?"ன்னு கேப்பாங்க, மூணாவதா போனை எடுத்து அவங்க வீட்டு நாயோட போட்டோவைக் காட்டுவாங்க. சித்திரை மாசத்து மத்தியானத்துல, காட்பாடி ரோட்டுல, நீங்க நாயைக் கூட்டிக்கிட்டு நடந்திருக்கீங்களா? நடந்திருந்தா நீங்க நம்ம ஆளு. அது ஒரு காலை மாத்தி ஒரு காலைத் தூக்கும். நிழல் கண்ட எடத்துக்கெல்லாம் நம்மள இழுக்கும். கடைசில யார் வீட்டு வாசல்லயாவது போய் உக்காந்துக்கும், நாம கயித்தைப் புடிச்சிக்கிட்டு அசடு வழிய நிப்போம். அந்த அவஸ்தையைப் பட்ட அத்தனை பேருக்கும்தான் இதைச் சொல்றேன்.

என் பேரு எஸ்தர். ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில, சாம்பிள் ரூம்ல பதினாலு வருஷம் இருந்தேன். வெளிநாட்டுல இருந்து ஒரு படம் வரும், அதைப் பாத்து முதல் ஷூவைத் தைக்கிற எடம்தான் சாம்பிள் ரூம். எனக்குப் பக்கத்து மெஷின்ல நூர்ஜஹான் அக்கா. ரெண்டு பேரும் ஒண்ணா வேலையை விட்டோம், ஒண்ணா காட்பாடியில செருப்பு, பை, பெல்ட்டு தைக்கிற ஒரு சின்னக் கடை போட்டோம். ஏகாம்பரம் சார் எங்க கடைப்படி ஏறுற வரைக்கும் நாய்ங்கிற நெனப்பே எங்களுக்குக் கெடையாது.

ரெண்டு பத்து ட்ரிப்

ஏகாம்பரம் சார் டவுன் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு நாள் மத்தியானம் ஒரு பழுப்பு நிற நாட்டு நாயைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்து, எங்க கட்டிங் டேபிள் மேல அலுங்காம உக்கார வெச்சார். ஒரு டிபன் கடைக்குப் பின்னாடி பொறந்த பொட்டைக் குட்டி, முதல்ல தின்னது பூரி, அதனால பேரும் பூரி. நாலு காலையும் திருப்பிக் காட்டினார். உள்ளங்கால் தோலு உரிஞ்சு, கீழ செவசெவன்னு இருக்கு. ரோட்டுச் சூடு. கால்நடை டாக்டரம்மா மருந்து போட்டிருக்காங்க, ஆறினதும் செருப்பு வேணும்னு வந்திருக்கார்.

நாய்க்கு மட்டும்னா நான் அன்னிக்கே ஏதாச்சும் சொல்லி அனுப்பியிருப்பேன். விஷயம் வேற. சாருக்கு இருபது வருஷமா சுகர். ரெண்டு பாதமும் மரத்துப் போச்சு, முள்ளு குத்தினாலும் தெரியாது. முந்தா வருஷம் ஒரு புண்ணு வந்து எடது கால் சுண்டு விரலை எடுத்துட்டாங்க. சாப்பிட்டு நடங்க, சுகர் கம்மியாகும், ஆனா இன்னொரு புண்ணு வந்துச்சுன்னா விரலோட நிக்காது, பாதமே போய்டும்னு டாக்டர் சொல்லிட்டார். மனுஷன் வேலைக்காலத்துல டைமுக்கு வண்டி எடுத்தவர் இல்லியா, மத்தியானம் சாப்பாட்டை முடிச்சி கையைத் தொடச்சதும் ரெண்டு பத்துக்குக் கெளம்பிடுவார். அவருக்கு அது வாக்கிங் இல்ல, ட்ரிப்பு. தனியா நடக்கறதுக்கு மட்டும் அவருக்கு மனசே வராது. பூரி படுத்த மூணு வாரத்துல சுகர் எகிறிடுச்சு. "இது நடந்தாத்தான்மா நான் நடப்பேன், நான் நடந்தாத்தான் என் காலு எனக்கு"ன்னார்.

ஜோடியில வந்த கோளாறு

அடடா, அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கும் வந்த குஷி இருக்கே. எத்தனையோ தினுசு ஷூ தெச்சிருக்கோம், நாய்க்கு தெச்சதில்ல. உடனே அட்டையை வெச்சி பூரியோட முன்னங்காலை வரைஞ்சோம். மூணு நாள் வேற எந்த வேலையையும் தொடல. வாடிக்கையா வர்றவங்க ஜிப்பு மாத்தணும், வாரு ஒட்டணும்னு வந்து நின்னா, "நாளைக்கு, நாளைக்கு"ன்னு வெரட்டினோம். வலது ரெண்டு, எடது ரெண்டு, உள்வளைவு வெச்சி, கம்பெனியில பண்ற மாதிரியே உள்ள வலது எடதுன்னு முத்திரையும் அடிச்சி, ரெண்டு ஜோடி. டேபிள் மேல வரிசையா வெச்சிட்டு நின்னு நின்னு பாத்தோம்.

காலு ஆறினதும் பூரிக்குப் போட்டு வாசல்ல விட்டோம். நாலு அடி வெச்சது. பின்னங்கால் ஷூ ரெண்டும் கழண்டு பறந்து, ஒண்ணு கால்வாயில, ஒண்ணு பக்கத்து ஜூஸ் கடையில. அப்புறம்தான் பின்னங்காலை அளந்து பாத்தா, முன்னதை விட நல்லா ஒரு சுத்து சின்னது. நாலு காலும் ஒரே சைஸுன்னு எங்களுக்கு யாரு சொன்னது? யாரும் சொல்லல. ஒரு சைஸுல வலது ஒண்ணு எடது ஒண்ணு, அதைத் தாண்டி எங்க புத்தி போனதே இல்ல. அந்த வலது எடது வளைவையும் பூரி மதிக்கவே இல்ல, மாத்திப் போட்டா கூட அதேதான். தலையில கையை வெச்சிக்கிட்ட நூர் அக்கா சொன்னாங்க: "நாலு காலுன்னா ரெண்டு மனுஷன்னு நெனச்சிட்டோம்டி எஸ்தரு."

ஆட்டுத் தோலு

அடுத்த தடவை விடக் கூடாதுன்னு, கடையில இருந்ததிலேயே ஒசத்தியான சரக்கை எடுத்தேன். ஆட்டுத் தோலு. கன்னத்துல வெச்சிக்கிட்டா தூக்கம் வரும், அவ்ளோ மெத்து. முன்னுக்கு ஒரு சைஸு, பின்னுக்கு ஒரு சைஸு. தையல் வெளிய தெரியாது. இதுக்கு மேல ஒரு நாய்க்கு மரியாதை பண்ண முடியாதுன்னு சொல்லி, நானே சார் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்தேன். சாயங்காலம் வரைக்கும் கால் தரையில படல எனக்கு.

ஷூ கம்பெனியில பதினாலு வருஷம் இருந்தவளுக்கு, தோலுன்னா அது ஆடுங்கிறது மறந்தே போச்சு பாருங்க. பூரிக்கு மறக்கல. மோந்து பாத்திருக்கு, படுத்திருக்கு, ரெண்டு முன்னங்காலாலயும் அமுக்கிப் புடிச்சிருக்கு. ஏகாம்பரம் சார் போன் பண்ணினார். நான் பதறிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் அடிச்சி, ஒண்ணும் ஆவாதுன்னு கேட்டுக்கிட்ட அப்புறம்தான் சிரிச்சேன். சார் மட்டும் ரொம்ப நிதானமா சொன்னார்: "ஷூ நல்லா இருக்குதாம்மா. ரெண்டு சாப்ட்டுச்சு, மீதி ரெண்டு சாயங்காலத்துக்கு வெச்சிருக்குது."

பத்து எண்ணுற வரைக்கும்

அந்த டாக்டரம்மா மறுநாள் சாரையும் கூட்டிக்கிட்டு எங்க கடைக்கே வந்தாங்க. வாங்க, இதைப் பாருங்கன்னு என்னை ரோட்டுக்கு இழுத்துட்டுப் போய், புறங்கையைத் தார் மேல வெக்கச் சொன்னாங்க. பத்து எண்ணுற வரைக்கும் கை அங்கியே இருந்தா நாய் நடக்கலாம், இல்லன்னா கூடாது. நான் மூணு எண்ணுறதுக்குள்ள கையை ஒதறிக்கிட்டேன். ஓரத்து மண்ணுல வெச்சா கொஞ்சம் தேவலாம். விடிகாலையில போங்க, மண்ணு பக்கமா போங்க, செருப்பைத் தேடாதீங்க, நேரத்தை மாத்துங்கன்னாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கும் தாரு சூடு எறங்காதாம்.

நியாயமான பேச்சு. எனக்குத்தான் புடிக்கல. ரெண்டு தடவை தோத்த கை, மூணாவது தடவைக்குத் துடிக்குது, நேரத்தை மாத்துன்னா எப்படி? சாருக்கும் புடிக்கல. வெறும் வயித்துல காலையில நடந்தா கண்ணு இருட்டுது, டாக்டரு சாப்ட்டு நடன்னுதானே சொன்னாருன்னார். அப்புறம் செருப்பைக் கழட்டிட்டு, டாக்டரம்மா எதிர்லயே வெறுங்காலைத் தாருல வெச்சார். நாங்க மூணு பேரும் ஒண்ணா அவர் கையைப் புடிச்சி இழுத்தோம். அவரு எங்களைப் புரியாம பாத்து, "இன்னாத்துக்கு பயப்பட்றீங்க, எனக்கு ஜில்லுன்னுதானே இருக்குது"ன்னார்.

ஒரு வேளைக்கு ஒரு செருப்பு

மூணாவது செட்டுக்குத் தோலே கெடையாது. நாய்க்கு வேர்க்கிறதே உள்ளங்கால்லதானாம், அதனால மேல காத்து போற வலைத்துணி, கீழ மெல்லிசு ரப்பர் சோல், கணுக்கால்ல ஒட்டிக்கிற பட்டை. ரெண்டு விரல் நொழையற அளவு தளர்த்தி. கொண்டு போய் நாலையும் ஒரே நேரத்துல போட்டோம். பூரி செலையா நின்னுடுச்சு. ஒரு காலைத் தூக்கி, அது எங்க போச்சுன்னு பாத்து, மெதுவா கீழ வெச்சி, அடுத்ததைத் தூக்கி. தெருவே கூடிப் போச்சு.

அப்புறம் அவசரப்படல. ஒரு வேளைக்கு ஒரு செருப்பு, வீட்டுக்குள்ளயே, ஒரு துண்டு கோழியோட. ரெண்டாம் நாள் ரெண்டு. கழட்டினதும் ஈரத்துணியால தொடச்சி, விரலு இடுக்குல செவப்பு இருக்கான்னு பாக்கணும்னு சாருக்குச் சொல்லிக் கொடுத்தேன், அவரு டிக்கெட் எண்ற மாதிரி ஒவ்வொரு விரலா பாப்பார். ஒம்பதாவது நாள் பூரி நாலு செருப்போட கூடத்துல இருந்து வாசலுக்கு ஓடி வந்துச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. என் கல்யாணத்துல கூட நான் அவ்ளோ சந்தோஷப்பட்டதில்லன்னு சொன்னா என் வீட்டுக்காரர் கோச்சிக்குவார், ஆனா அதான் நெஜம். சாரோட சம்சாரம் சரோஜாம்மா கதவுல சாஞ்சிக்கிட்டு சொன்னாங்க: "எனக்கு இருக்கிற ஒரே ஒரு ஜோடியில வாரு அறுந்து நாலு மாசம் ஆவுது, அதையும் யாராச்சும் பாருங்க."

நான் எடுத்த வீடியோ

அடுத்த வாரம், முதல் முழு ட்ரிப்பு. ரெண்டு பத்து. நான் ஸ்கூட்டியில பின்னாடியே மெதுவா உருட்டிக்கிட்டு, ஒரு கையில போனைத் தாழ்த்திப் புடிச்சி படம் எடுத்தேன். செருப்பு இல்லாம இருந்தப்ப பூரி முனை வேப்பமரத்தைத் தாண்டாது, அங்கியே உக்காந்துக்கும், சாரும் அதோட திரும்பிடுவார். அன்னிக்கு வேப்பமரத்தைத் திரும்பிக் கூட பாக்கல. மேம்பாலத்து ஏத்தத்துல ஏறுது, எறங்குது. ஆட்டோக்காரங்க வண்டியை ஓரம் கட்டிப் பாக்கறாங்க. ஒரு செருப்பு கழலல, ஒரு பட்டை அவுறல. சாரும் வழக்கத்தை விட ரெண்டு மடங்கு தூரம் நடந்தார். "போலாம் ரைட்"ன்னு கத்திக்கிட்டே நான் பாதியில கடைக்குத் திரும்பினேன்.

நூர் அக்கா அன்னிக்குச் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு ஆம்பூர் போயிருந்தாங்க. வீடியோவை அவங்களுக்கு அனுப்பிட்டு, பதிலுக்காக போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சூப்பர்னு வரும், பத்து பூவு போட்டு வரும்னு நெனச்சேன். போனே வந்துச்சு. கல்யாண மண்டபத்துச் சத்தத்துக்கு நடுவுல அக்கா கேட்டாங்க: "நாய் காலை விடு எஸ்தரு, ஓரத்துல பாரு. மேம்பாலம் எறங்குறப்போ சாரோட எடது கால்ல செருப்பு எங்க?"

கூடத்துல ஈரம்

சார் வீட்டுக்கு ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன்னே தெரியல. வழியில மேம்பாலத்துச் சரிவுல அந்தச் செருப்பு கெடந்துச்சு. எடுத்துப் பாத்தேன். மரத்துப் போன காலுக்குன்னு ஆஸ்பத்திரியில கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு, மெத்துன்னு ரப்பர் வெச்சது. பின்னாடி குதிகாலைப் புடிச்சிக்க ஒரு வாரு இருக்கும், உணர்ச்சி இல்லாத காலு செருப்பு நழுவினா தெரியாதுன்னுதான் அந்த வாரு. வீட்டு வாசல்ல, கோயில் வாசல்ல, கடை வாசல்லன்னு ஒவ்வொரு தடவையும் குனிஞ்சி கழட்டணுமேன்னு அவரு அதை பிளேடால அறுத்து எறிஞ்சிருக்கார். இப்படி அறுக்கறவங்க எங்க ஊர்ப் பக்கம் ஜாஸ்தி. ஒரு மாசமா எதிர்ல நின்ன மனுஷன் கால்ல வாரு இல்லன்னு, செருப்பு தைக்கிற நான் பாக்கல. நாய் காலையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

சார் நாற்காலியில உக்காந்திருந்தார். மடியில பூரியோட கால். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே செருப்பைக் கழட்டி, ஈரத்துணியால தொடச்சி, ஒவ்வொரு விரலா விரிச்சிப் பாத்துக்கிட்டு இருக்கார். அவரோட எடது பாதம் தரையில. வாசல்ல இருந்து நாற்காலி வரைக்கும் கூடத்துத் தரையில ஈரமா, செவப்பா, தடம். பாதத்துத் தோலு பாதி உரிஞ்சி மடங்கிக் கெடக்கு. சரோஜாம்மா சமையக்கட்டுல இருந்து இன்னும் வரல. என்னைப் பாத்ததும் அவரு மொகமெல்லாம் சிரிப்பு. "வாம்மா வா, வந்து பாரு, நாலு காலுலயும் ஒரு கொப்புளம் கூட இல்ல"ன்னார்.

கட்டு பிரிக்கிற நாள்

காலை எடுக்கணுமா வேணாமான்னு ஒரு வாரம் பாத்துட்டுச் சொல்றோம்னாங்க ஆஸ்பத்திரியில. அந்த ஒரு வாரம் நான் மெஷின்ல உக்காரல. என் செருப்பு கொஞ்சம் மட்டமா இருந்திருந்தா பூரி வேப்பமரத்துக்கிட்டயே உக்காந்திருக்கும், அவரும் திரும்பியிருப்பார். இவ்ளோ நல்லா ஏன்டி தெச்சேன்னு என்னை நானே திட்டிக்கிட்டேன். சரோஜாம்மா என் மேல ஒரு வார்த்தை கோவப்படல, அதான் இன்னும் பேஜாரா இருந்துச்சு. பூரி அவங்க வீட்டு வாசல்லயே படுத்துக் கெடந்துச்சு, நாந்தான் தெனம் போய்ச் சோறு வெச்சேன்.

எட்டாம் நாள் கட்டு பிரிக்கும்போது நானும் நூர் அக்காவும் வார்டுக்கு வெளிய நின்னோம். அக்கா உதட்டுக்குள்ள துவா ஓதறாங்க, நான் ஜெபம் பண்றேன். சரோஜாம்மா ரெண்டு பேர் கையையும் புடிச்சிக்கிட்டு சாமி பேரா சொல்றாங்க. கட்டு மாத்துற சிஸ்டர் கையுறையைக் கழட்டிக்கிட்டே வெளிய வந்து, எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டுச் சொன்னாங்க: "கீழ புதுச் சதை வந்திருக்கு, மெதுவா ஆறும். காலு அவருக்குத்தான், போய்ச் சாப்பிடுங்க மூணு பேரும்."

திரும்பி வந்த பை

ஆவணி பொறந்த அப்புறம்தான் அவரை நடக்க விட்டாங்க. ஒரு நாள் காலையில ஆறரை மணி இருக்கும், நான் கடை வாசலைப் பெருக்கிக்கிட்டு இருக்கேன், ரோட்டோரத்து மண்ணுல ரெண்டு பேரும் வர்றாங்க. பூரி முன்னாடி, வெறுங்கால்ல. சார் பின்னாடி, நானும் அக்காவும் தெச்சிக் கொடுத்த செருப்புல. அதுல பின்வாரை பிளேடு போட்டா பிளேடுதான் ஒடையணும், அப்படி மூணு தையல் ஓட்டியிருக்கோம். பின்பக்கம் ஒட்டுப்பட்டை, குனியாம மறு கால் விரலாலயே தட்டி விட்டுக்கலாம். ரெண்டு இட்லி சாப்ட்டு ஆறு மணி ட்ரிப்பு, இப்ப கண்ணு இருட்டறதில்லன்னார். எனக்கு இருந்த சந்தோஷத்துல வெளக்குமாத்தைக் கையில வெச்சிக்கிட்டே அவரு காலைப் பாத்தேன், அப்புறம்தான் மொகத்தைப் பாத்தேன்.

கையில இருந்த பையை என்கிட்ட கொடுத்தார். தொறந்தா, தொவச்சிக் காய வெச்ச நாலு நாய்ச் செருப்பு. எனக்குச் சுருக்குன்னுச்சு. வெச்சுக்கோங்க சார், என்னிக்காச்சும் பகல்ல அவசரத்துக்கு வெளிய போனா பூரிக்கு வேணுமேன்னேன். பூரி அதுக்குள்ள மண்ணுல இருந்து தாருக்கு ஒரு காலை எடுத்து வெச்சி, நின்னு, அப்புறம் அடுத்த காலை வெச்சது. அவரு அதையே பாத்துக்கிட்டு இருந்தார். அது நாலு அடி போன அப்புறம் தன் காலை எடுத்துத் தாருல வெச்சார். "வேணாம்மா. இதுக்குச் சுடுதான்னு பாத்துட்டுத்தான் நான் காலு வெக்கணும், இதுக்குச் செருப்பு போட்டா எனக்கு யாரு சொல்லுவா"ன்னார்.

அன்னிக்கு மேம்பாலத்துல பூரியைப் பாத்தவங்க, அவங்கவங்க நாயோட எங்க கடைக்கு வர ஆரம்பிச்சிட்டாங்க. ஆக, இந்தத் தொழில்ல நான் தெச்சதுலயே அச்சா பொருந்தின நாலு செருப்பு எதுன்னு யாராச்சும் கேட்டா, யாரும் போடாம எங்க அலமாரியில கெடக்கிற அந்த நாலைத்தான் எடுத்துக் காட்டறேன், காட்டிட்டு, நாய் காலுக்கு முன்னாடி உங்க காலைக் காட்டுங்கன்னு சொல்றேன்.